முத்திரை வைத்த நெற்குவியல்

“மேற்படி நிலத்தில் மனுதாரர் வாரத்துக்குப் பயிரிட்டுவந்த சாகுபடிதாரர் என்று இம்மன்றம் காண்கிறது.”

மன்னார்குடியில் தட்டச்சான ஓர் உத்தரவின் கடைசிப் பக்கத்தில் உள்ள வரி இது. மூலம் ஆங்கிலத்தில் இருக்கிறது; தமிழாக்கியவள் நான். வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. மாதம் மார்ச் என்று தெளிவாகத் தெரிகிறது. ஆண்டு இருந்த மூலையைக் கரையான் தின்றுவிட்டது. ஆட்சி மாறிச் சில ஆண்டுகளுக்குள், அண்ணனுக்குத் திருமணமாகி முதல் குழந்தை பிறப்பதற்கு முன் என்பது மட்டும் உறுதி. அஞ்சலகத்தில் வேலை பார்த்தவள் ஆகையால் தேதி இல்லாத காகிதத்தை நம்புவது எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் அண்ணனின் முதலாம் ஆண்டு நினைவு மலருக்காக எழுத உட்கார்ந்தபோது இந்தக் காகிதத்திலிருந்துதான் தொடங்க முடிந்தது. அண்ணனின் வழக்கறிஞர் வாழ்வும் அரசியல் வாழ்வும் குடும்ப வாழ்வும் இந்த ஒரு வழக்கில் வந்து முட்டிக்கொண்டன.

அண்ணன் பிறந்தது வேதாரண்யத்தில். அப்பா உப்பு இலாகாவில் குமாஸ்தா. எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்று பார்த்தால் உப்பளம் முழுவதும் வெள்ளைக் குவியல்கள் தெரியும். உப்பு விளைவிக்கிறவர் ஒருவர், அதன்மேல் உரிமை கொண்டாடுகிறவர் இன்னொருவர் என்பதால், எடை போடும் நாள் வரை ஒவ்வொரு குவியலிலும் இலாகா ஆட்கள் முத்திரைக் கட்டையை அழுத்திவிட்டுப் போவார்கள். யாராவது இரண்டு கை அள்ளினாலும் எழுத்து கலைந்து காட்டிக்கொடுக்கும். அண்ணன் சிறுவயதில் ஈர மணலைக் குவித்து, தேங்காய்ச் சிரட்டையால் முத்திரை குத்தி, “தொட்டே, சர்க்கார் பிடிச்சுக்கும்” என்று என்னை மிரட்டுவார். நெல் எங்களுக்குத் தெரியாது. அரிசியாகத்தான் வீட்டுக்கு வரும்.

அண்ணன் கல்லூரியில் படிக்கும்போது அப்பா இறந்தார். அதே ஆண்டு அடித்த புயலில் வீட்டுக் கூரை போயிற்று. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூரில் தாய்மாமன் வீட்டுக்கு வந்தார். அண்ணன் டியூஷன் எடுத்துச் சட்டம் படித்தார். சென்னையிலிருந்து திரும்பியபோது கையில் பட்டமும் கழுத்தில் கட்சித் துண்டும் இருந்தன. பகலில் நீதிமன்றம், மாலையில் மேடை. மேடைப் பேச்சிலும் சட்டப் பிரிவு எண்ணைச் சொல்லிவிடுவார் என்று கட்சிக்காரர்கள் கேலி செய்வார்கள். “வக்கீலண்ணே, கைதட்டணுமா, ஆட்சேபணை சொல்லணுமா?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தியதை நானே கேட்டிருக்கிறேன்.

அண்ணி, கூத்தாநல்லூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பெரிய மிராசுதார் வீட்டுப் பெண். உப்புக் குமாஸ்தாவின் மகனுக்கு அந்த வீட்டில் பெண் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. அண்ணியின் தகப்பனாரே சிரித்துக்கொண்டு அதைச் சொல்வார். “ஆட்சிக்கு வரப் போற கட்சி. நம்ம வீட்லேயும் ஒரு ஆள் அதுலே இருக்கட்டுமே.” அவரை நான் மாமா என்று அழைப்பேன். அவர் கெட்டவர் அல்லர். தீபாவளிக்கு எனக்கும் சேர்த்துத்தான் புடவை எடுப்பார். இதைப் படிக்கப்போகும் அவருடைய பிள்ளைகள் பின்வருவதை அந்த நினைப்போடு படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்சி மாறியது. குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்ற பேச்சு வந்து, பிறகு சட்டமும் வந்தது. எழுத்தில்லாமல் காலம் காலமாக உழுதுவந்தவர்கள் தங்கள் பெயரை ஏற்றச் சொன்னார்கள். பெயர் ஏறிவிட்டால் இறங்காது என்று மிராசுதார்கள் பயந்தார்கள். “அவன் குத்தகைக்காரன் இல்லை, என்னிடம் கூலி வாங்கும் பண்ணையாள்” என்று சொல்லி வெளியேற்றப் பார்த்தார்கள். கீழத்தஞ்சையில் அந்த ஆண்டுகளில் அறுவடை என்றாலே ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வயலில் இரண்டு கொடி தெரிந்தால் மூன்றாவதாகப் போலீஸ் லாரி வந்துவிடும்.

பக்கிரிசாமி அப்படித்தான் தஞ்சாவூருக்கு அண்ணனைத் தேடி வந்தார். தகப்பனார் காலத்திலிருந்து அவர் உழுத மூன்று ஏக்கர் நிலத்தை விட்டு அந்த ஆண்டு சம்பா அறுவடையோடு இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு வேறு நிலம் இல்லை. மனைவி அஞ்சம்மாளும் கூட வந்திருந்தார். இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

“உள்ளே வாங்க. நிலம் யாருது?” என்று அண்ணன் கேட்டார்.

பக்கிரிசாமி துண்டை முறுக்கினார். அஞ்சம்மாள்தான் சொன்னார். “உங்க மாமனாருதுங்கய்யா.”

அண்ணன் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். “மன்னார்குடியிலே எத்தனையோ வக்கீல் இருக்காங்களே.”

“எல்லார் வீட்டுக்கும் போயிட்டுத்தான் வர்றோம். பேரைக் கேட்டதும் காப்பித்தண்ணி குடுத்து அனுப்பிடறாங்க.”

உள்ளே அண்ணி பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கூடத்தில் பேசுவது சமையலறைக்குக் கேட்காமல் போகாது. சிறிது நேரத்தில் இரண்டு டம்ளர் காப்பி வந்தது. அண்ணியே கொண்டுவந்தார். அஞ்சம்மாளை அவருக்குப் பிறந்த வீட்டிலிருந்தே தெரியும். “பெரியவ சமைஞ்சுட்டாளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்று மாலை அண்ணன் வழக்கை எடுத்துக்கொண்டார். அண்ணியிடம் கேட்டாரா, சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் அறைக்குள் பேசியது எதுவும் வெளியே வந்ததில்லை.

நோட்டீஸ் போன வாரமே மாமா காரில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

“மாப்ளே, இது என்ன விளையாட்டு?”

“விளையாட்டு இல்லீங்க மாமா. அந்தாளுக்கு வக்கீல் கிடைக்கலே.”

“கிடைக்கலேன்னா போகட்டுமே! உப்பளத்துலே பொறந்த உங்களுக்கு நெல்லைப் பத்தி என்ன தெரியும்? களத்தை எட்டிப் பாத்திருக்கீங்களா ஒரு நாளாவது?”

“கத்துக்கறேன்.”

“எங்கிட்டயே கத்துக்கிட்டு எம்மேலேயே பாய்வீங்க.” மாமா அண்ணியின் பக்கம் திரும்பினார். “உங்கம்மா படுத்த படுக்கையா கிடக்கறா. நீ எப்ப வேணும்னாலும் வரலாம். கேஸ் முடியற வரைக்கும் வக்கீல் சார் நம்ம வாசப்படி மிதிக்க வேணாம்.”

மாப்பிள்ளை வக்கீல் சார் ஆனதை அண்ணன் கவனித்தார். “சாப்பிட்டுப் போங்க மாமா” என்றார். மாமா போய்விட்டார்.

கட்சியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அடுத்த தேர்தலில் அண்ணனுக்கு இடம் கிடைக்கும் என்ற பேச்சு அப்போது இருந்தது. மாமாவின் ஊரும் சுற்றுப்பட்ட ஊர்களும் அவர் சொல் கேட்கிறவை. “சட்டம் நம்ம சட்டந்தான், யாரு இல்லேங்கறா? வேற ஒருத்தரை விட்டு நடத்துங்க. நீங்களே நிக்கணுமா?” என்று நயமாகச் சொன்னார் ஒரு நிர்வாகி. “வேற ஒருத்தர் யாருன்னு சொல்லுங்க, இப்பவே கேஸ் கட்டைக் குடுத்துடறேன்” என்றார் அண்ணன். வந்தவர்கள் எழுந்து செருப்பை மாட்டினார்கள். அந்தத் தேர்தலில் அண்ணனுக்கு இடம் கிடைக்கவில்லை.

தை மாதக் கடைசியில் கதிர் முற்றியது. அண்ணி தாயாரைப் பார்த்துக்கொள்ளப் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். அறுவடை நாளில் நடந்ததை அஞ்சம்மாள் பின்னாளில் எனக்குச் சொல்லியிருக்கிறார். மாமாவின் காரியக்காரர், அதாவது பண்ணையை மேற்பார்க்கிறவர், வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். பக்கிரிசாமியின் உறவுக்காரர்கள் வரப்பில் வரிசையாக நின்றார்கள். இரண்டு பக்கமும் கையில் அரிவாள். அண்ணன் முதல் நாளே ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்: “ஒரு கல்லு பறந்தாலும் கேஸ் போச்சு. எல்லாரும் கையை வீசிக்கிட்டு நில்லுங்க.” அஞ்சம்மாள் தன் பக்கத்து ஆட்களின் அரிவாள்களை ஒவ்வொன்றாக வாங்கி மடியில் போட்டுக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “மடி கிழிஞ்சுதே தவிர ஒருத்தனுக்கும் குடுக்கலே” என்பார்.

வருவாய் ஆய்வாளர் வந்தார். போலீசும் வந்தது. வெளியூர் ஆட்களே அறுத்துக் களத்தில் அடித்துக் குவிக்க வேண்டும், தீர்ப்பு வரும்வரை குவியல் அங்கேயே இருக்க வேண்டும், இரு தரப்பும் காவல் இருக்கலாம் என்று முடிவானது. பொழுது சாயும்போது காரியக்காரர் குவியலைச் சுற்றிலும் சாம்பல் தூவி, எழுத்துச் செதுக்கிய கட்டையால் அழுத்தி முத்திரை வைத்தார். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் நடப்பதுதானே.

விசாரணைக்கு ஒரு வாரம் முன்னால் அண்ணி திரும்பி வந்தார். அந்த வாரம் அண்ணனுக்குத் தூக்கம் இல்லாமல் கண் சிவந்திருந்தது. பக்கிரிசாமியிடம் ரசீது இல்லை, பதிவில் பெயர் இல்லை. ஊரில் சாட்சி சொல்ல வருவதாக இருந்த இருவரும் பின்வாங்கிவிட்டார்கள். “வாயால சொல்றதைத் தவிர எங்கிட்ட ஒண்ணுமில்லே” என்று அண்ணன் அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். “அப்பறம் ஏன்டா எடுத்தே?” என்றார் அம்மா.

விசாரணை நாள் காலையில் அண்ணி என்னை அழைத்து இரண்டு அடுக்கு டிபன் கேரியரைக் கொடுத்தார்.

“மேல் அடுக்கு உங்கண்ணனுக்கு. கீழ் அடுக்கு எங்கப்பாவுக்கு. அவருக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிடலேன்னா கை நடுங்கும். நீ போயிட்டு வா.”

“நீங்களும் வாங்களேன் அண்ணி.”

“நான் அங்க வந்து எந்தப் பக்கம் உக்காரறது?”

மன்னார்குடி மன்றத்தில் நான் பின்பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமா என்னைப் பார்த்ததும் கேரியரைக் காட்டி, “எனக்கும் இருக்கா, இல்லே எதிர்க்கட்சிக்குச் சோறு கிடையாதா?” என்றார். “உங்களுக்குத்தான் மாமா தயிர்சாதம்” என்றேன். அவர் முகம் ஒரு கணம் இளகியது. பிறகு அவர் பெயரைச் சொல்லிக் கூண்டுக்குக் கூப்பிட்டார்கள்.

அண்ணனின் கேள்விகளையும் மாமாவின் பதில்களையும் அன்று இரவே குறித்து வைத்தேன். கீழே இருப்பது அந்தக் குறிப்பு.

“பக்கிரிசாமி உங்களுக்கு யாருங்க?”

“பண்ணையாள். கூலிக்கு வேலை செய்யறவன்.”

“விளைச்சல்லே அவருக்குப் பங்கு உண்டா?”

“கூலிக்காரனுக்கு ஏது பங்கு?”

“குவியலுக்கு முத்திரை வச்சிருக்காங்களே, அது யாருது?”

“என்னுது. எங்க பாட்டனார் காலத்துக் கட்டை.”

“தகராறு வந்ததாலே இந்த வருஷம் வச்சீங்களா?”

மாமா நிமிர்ந்தார். பழமையைக் குறைத்துப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. “வருஷா வருஷம் வைக்கிறதுதான். அந்தக் களத்துலே முத்திரை இல்லாம ஒரு ராத்திரி நெல்லு கிடந்ததில்லே.”

“ஏன் வைக்கிறீங்க?”

“ஏன்னா? அளக்கறதுக்கு முன்னாடி அள்ளிடுவான்.”

“ஆத்துக்கு அந்தக் கரையிலே உங்க சொந்தப் பண்ணை நிலம் இருக்கே. அங்கேயும் இதே மாதிரி கூலியாளுங்கதான் காவல். அந்தக் குவியலுக்கும் முத்திரை உண்டா?”

“அதுக்கு எதுக்கு முத்திரை?” என்று மாமா எரிச்சலோடு சொன்னார். “அதுதான் முழுசும் என்னுதாச்சே.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குக் கேட்டது. தட்டச்சர் அந்த வரியை அடித்து முடிக்கும் சத்தம் மட்டும் வந்தது. அண்ணன், “வேறு கேள்வி இல்லை” என்று சொல்லி உட்கார்ந்தார். வெற்றி பெற்றவர் முகம் அல்ல அது. தலையைக் கவிழ்த்துக் காகிதங்களை அடுக்கிக்கொண்டே இருந்தார். மாமா கூண்டிலிருந்து இறங்கும்போது தடுமாறினார். பிடிக்கப்போன அண்ணனின் கையைத் தட்டிவிட்டார்.

வேப்பமரத்தடியில் மாமா தயிர்சாதத்தைச் சாப்பிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். முடிந்ததும் அவர் கீழ் அடுக்கைக் காரியக்காரரிடம் கொடுத்துத் தன்னோடு எடுத்துப்போனார். சில வாரம் கழித்து, உத்தரவு வந்த பிறகு, அது கழுவித் துடைத்து எங்கள் வீட்டுக்கு வந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணின் வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஒரு பிடி அரிசியாவது, இரண்டு வாழைப்பழமாவது போடுவார்கள். அண்ணி பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கேரியரை யாரும் எடுத்து நான் பார்க்கவில்லை.

பக்கிரிசாமி நிலத்தில் இருந்தார். குவியல் களத்திலேயே அளக்கப்பட்டு, வாரப்படி இரண்டு பக்கமும் போயிற்று. அண்ணியின் தங்கை திருமணத்துக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. அண்ணியின் தாயார் இறந்தபோது செய்தி மட்டும் வந்தது. அண்ணியை உள்ளே அனுப்பிவிட்டு அண்ணன் தெருவில் காருக்குப் பக்கத்தில் நின்றார். நடுப்பகல். உள்ளேயிருந்து வந்த மாமா மகளிடம் சொன்னாராம்: “அவரையும் வரச் சொல்லு. வெயில்லே நிக்கறாரு.” அதுதான் சமாதானம். வழக்கைப் பற்றி இருவரும் சாகும்வரை பேசிக்கொள்ளவில்லை.

அண்ணன் பிற்பாடு ஒரு முறை சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமைச்சராவார் என்று ஒரு வாரம் வீட்டில் கூட்டம் இருந்தது, ஆகவில்லை, கூட்டமும் போயிற்று. சட்ட முன்வடிவுகளை வரி வரியாகப் படித்துவிட்டுத் திருத்தம் கொடுக்கும் உறுப்பினரைச் சொந்தக் கட்சியே சிரமமாகத்தான் நினைத்தது. “இந்த ‘அல்லது’ எதுக்குன்னு கேட்டா, நீங்க நம்ம ஆளா அவங்க ஆளாங்கறாங்க” என்று சொல்லிச் சிரிப்பார். மறுமுறை தோற்ற பிறகு மேடையை விட்டார். நீதிமன்றத்தை விடவில்லை. கோபக்காரர். மகனின் பள்ளி விழாவுக்கு ஒரு முறைகூடப் போனதில்லை; மகள் சட்டம் படிக்கப் போகிறேன் என்றபோது மட்டும் கண் கலங்கினார். மகன் இன்று வெளிநாட்டில் பொறியாளர். மகள் தஞ்சாவூரில் அண்ணனின் அதே மேசையில் உட்கார்ந்து வழக்குப் பார்க்கிறாள்.

கடைசி இரண்டு ஆண்டுகள் வலது பக்கம் செயலிழந்து, பேச்சும் குழறியது. மாசி மாதம் ஒரு காலையில், அண்ணி கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே, அமைதியாகப் பிரிந்தார்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் செவிலியர்களும் அவரை வழக்கறிஞராகவே நடத்தினார்கள். அதற்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அண்ணனின் கூத்தாநல்லூர் நண்பர் ஒருவர் தன் காரை எங்கள் வீட்டு வாசலிலேயே விட்டுவைத்திருந்தார். எப்போது கூப்பிட்டாலும் சலிக்கவில்லை. அண்ணியின் சகோதரர்கள் மூவரும் வந்து தோள் கொடுத்ததை எங்களால் மறக்க முடியாது. பக்கிரிசாமி இன்று இல்லை. அவர் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து பத்தாம் நாள் வரை இருந்தார். வாய்க்கரிசிக்கான அரிசி அந்த மூன்று ஏக்கரில் விளைந்தது. இவர்களுக்கெல்லாம் எங்கள் வணக்கம்.

ஒன்று பாக்கி இருக்கிறது. முத்திரை எதற்கு வைப்பார்கள் என்பது வேதாரண்யத்தில் வளர்ந்த அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பாதிக் கேள்வி உப்பிலிருந்து வந்தது என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் ஆற்றுக்கு அந்தக் கரையில் பண்ணைக் குவியலுக்கு முத்திரை கிடையாது என்பது களத்தையே பார்க்காத அவருக்கு எப்படித் தெரிந்தது? அஞ்சம்மாளிடம் கேட்டேன். “வக்கீலய்யா எல்லாத்தையும் கேட்டாரு, நாங்க எல்லாத்தையும் சொன்னோம். அதையும் சொன்னோமான்னு நெனப்பில்லேம்மா” என்றார்.

சென்ற மாதம் அண்ணியிடமும் கேட்டேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார்.

“உப்பளத்துலே பொறந்தவரு. அவருக்குத் தெரியாத குவியலா?” என்றார்.

“பண்ணைக் குவியல் விஷயம் உப்பளத்துலே தெரியாதே அண்ணி.”

அவர் கை நிற்கவில்லை. “மலர்லே எங்கப்பா படமும் வருதா?”

“வருது. கல்யாண போட்டோ.”

“எங்க தம்பிங்க எல்லாம் படிப்பாங்க, இல்லே?”

“ஆமாம்.”

ஒரு மடலை உரித்துப் போட்டார். பிறகு சொன்னார்: “தெரியலேன்னு எழுது.”

அப்படியே எழுதுகிறேன். அந்தக் கடைசிக் கேள்வியை அண்ணனுக்குத் தந்தவர் யார் என்பது தெரியவில்லை. இந்தத் தகவல் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.